ஒரு கன்னத்துக்கு மட்டும்

அன்றைக்கு எங்கள் விறாந்தையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் கணவர், மகள் வசந்தி, கணவரின் தமக்கை — அதாவது என் பெரிய மச்சாள். நடுவில் ஒரு டியூப்.

என் விரல் நீளம்கூட இல்லை. ஜேர்மனியில் இருக்கும் என் தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டது. கொழும்பு வரை விமானத்தில் வந்து, சண்டையால் பாதை மூடிக் கிடப்பதால் கிளாலிக் கடலைப் படகில் கடந்து, இணுவில் வந்து சேர்ந்த முகப்பரு மருந்து! உள்ளே இருந்த தாள் முழுக்க ஜேர்மன் மொழி. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு மட்டுமா, ஏ.எல். படித்த வசந்திக்கும் அது வெறும் கோடும் புள்ளியும்தான்.

டியூப்பை முதலில் டிஸ்பென்சரி ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தேன். அசெலெயிக் அசிட் என்று வாசித்தார். அசிட்டா? அதற்குப் பிறகு என் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா…

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி. கோதுமை, பார்லியிலை இருக்கிற சாமான்தான். முகம் முழுக்க மெல்லிசாப் பூசச் சொல்லுங்கோ, காலமையும் பின்னேரமும். முதல்லை கொஞ்சம் கடிக்கும். ஒண்டு ரெண்டு மாதம் பொறுக்கவேணும்.”

பொறுக்கலாம். ஆனால் மச்சாள் ஒரு சுவிஸ் மாப்பிள்ளை கொண்டுவந்திருந்தார். முந்திப் பேசிய இரண்டு இடமும் வசந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சத்தமில்லாமல் போனவை. இந்த முறை முதலில் படம் போகவேண்டும். தபாலை நம்ப முடியாது. கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டால்தான் உண்டு. மச்சாளுக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் இரண்டு மாதத்தில் பயணம்.

“உந்த டியூப் முகம் முழுக்கப் பூச ரெண்டு மாதத்துக்குக் காணாது” என்றார் கணவர்.

தீக்குச்சியைப் பிளந்து இரண்டாக்குகிறவர்கள் நாங்கள். சவர்க்காரத்தை நூலால் அறுத்து வைக்கிறவர்கள். எங்களுக்கு எதையும் முழுசாகச் செலவழிக்கக் கை வருமா?

மச்சாள்தான் வழி கண்டுபிடித்தார். “கலியாணத்துக்குக் குடுக்கிற படமெண்டால் முகத்தைச் சரிச்சுத்தான் எடுக்கிறவை. என்ரையும் அப்பிடித்தானே? வலது கன்னம்தான் தெரியும். அதுக்கு மட்டும் பூசுங்கோ. ரெண்டு மாதத்துக்கு வடிவாக் காணும்.”

“மற்றக் கன்னம் என்ன பாவம் செய்தது மாமி?” — வசந்தி.

“அதுக்குச் சுவிசிலை போய்ப் பூசலாம்.”

சிரித்தோம். நான்கு பேரும்தான்.

பூசத் தொடங்கியதும் கடித்தது. சிவந்தது. அவள் கொப்பி மட்டையால் கன்னத்தை விசிறிக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் நின்று பதறுவேன். பிறகு மெல்ல மெல்ல… வலது கன்னம் தெளிந்துவிட்டது! கொஞ்சம் வெளுத்தும் இருந்தது. அதை நாங்கள் லாபம் என்று நினைத்தோம்.

வாத்தியார் புறப்படுவதற்கு முன்னர், கொக்குவில் ஸ்டூடியோவுக்குப் போனோம். கரண்ட் எங்கே இருக்கிறது? பின்வளவில் கறுப்புத் துணி கட்டி, வெளிச்சத்தில்தான் படம் எடுக்கிறார்.

“நேரை பாருங்கோ தங்கச்சி.”

“அண்ணை… கொஞ்சம் சரிச்சு எடுக்கேலாதோ?” என்றேன்.

“லைற் இருந்தால் சரிக்கலாம் அக்கா. இந்த வெயிலுக்குச் சரிச்சால் மூக்கின்ரை நிழல் முழுக்கக் கன்னத்திலை விழும்.”

இடது கன்னத்தைக் காட்டினேன்.

“உதுக்கே பயப்பிடுறியள்? நெகட்டிவிலை பென்சில் வைச்சு, ஒரு பருவும் தெரியாமல் எடுத்துத் தாறன்.”

சொன்னபடி செய்தும் கொடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். மருந்து படாத கன்னத்திலும் ஒரு பரு இல்லை. பென்சில்! படத்தின் இரண்டு கொப்பியில் ஒன்றை வாத்தியார் கொண்டுபோனார்.

போன கிழமை மச்சாள் பதிலோடு வந்தார். உட்காரவில்லை. பருவைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லையாம்.

“பிள்ளையின்ரை முகம் ஒரு பக்கம் வெளிறிக் கிடக்காம். வெண்குட்டம் துவங்குதோ, மறைக்காமல் சொல்லட்டாம்… வேறை இடமும் பாத்திட்டினமாம்.”

விளக்கம் எழுதலாமே என்கிறீர்களா? அது கடல் கடந்து, கொழும்பு போய், சுவிஸ் போகும்போது அந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணமே முடிந்திருக்கும்.

டிஸ்பென்சரி ஐயாவிடம் ஓடினேன். “முகம் முழுக்கப் பூசியிருந்தால் நிறம் ஒருமிக்க இருந்திருக்கும். இனி விட்டால் மெல்லப் பழையபடி வரும்” என்றார். நிறம் வரும். பரு என்றால் என்றைக்காவது மாறிவிடும் என்று ஊருக்குத் தெரியும். மச்சாள் வாயால் வந்த அந்த மற்றச் சொல்? படலையைத் தாண்டிப் போனால் அதை யார் பென்சில் வைத்து எடுப்பது?

இருக்கிறதைப் பங்கிடத் தெரிந்தவர்கள் என்று எங்களுக்கு ஒரு பெருமை. பிள்ளையின் முகத்தையும் பங்கிட்டுவிட்டோம்.

பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எழுதச் சொன்னதே அவள்தான். “ஊர் எப்பிடியும் கதைக்கும். நீங்கள் முதல் எழுதுங்கோ அம்மா.” பிறகு கேட்டாள்: “மற்றக் கன்னத்துக்கும் பூசியிருந்தால், வெள்ளைப் பொம்பிளை எண்டு ஓடி வந்திருப்பினம், என்ன?”

சிரித்தாள் — வலது கன்னத்தை என் பக்கம் திருப்பாமல்.

இரண்டாவது கொப்பி இன்னும் ஸ்டூடியோவில்தான் கிடக்கிறது. எடுக்கப் போக எனக்குக் கால் வரவில்லை. பாக்கி, அறுபது ரூபாய்.