ஆண் பெயரில் ஒரு பாட்டு

எழுபதுகளில் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். என் கணவர் சர்ச் கமிட்டியில் செயலாளர். சினிமா பார்ப்பதையே பாவக் கணக்கில் எழுதும் சபை எங்களுடையது. அந்தச் சபையில் இருந்துகொண்டுதான் நான் ஒரு சினிமாப் பாட்டு எழுதினேன், ஓர் ஆண் பெயரில். கல்லூரித் தோழியின் அண்ணன் இசையமைப்பாளர். அவர் மெட்டைப் பாடிக் காட்டினார், நான் எழுதிக் கொடுத்தேன். விஷயம் அவர்கள் இருவரையும் என் கணவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பாட்டு சக்கைப் போடு போட்டது. ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில், ஊரப்பாக்கத்துக் கல்யாணத்தில், எங்கே போனாலும் அதுதான். முதலில் பெருமையாக இருந்தது. போகப் போக வேறு யாரோ எழுதியதைப் போலக் கேட்கப் பழகிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியிருந்த நேரம், பாட்டெழுதுபவர்களின் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ரேடியோவானாலும் ஓட்டலானாலும் ஸ்பீக்கர் செட்டானாலும், ஊருக்குக் கேட்கப் பாட்டுப் போடுகிறவர்கள் சங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், அதில் வருவதைச் சங்கம் பாட்டை உருவாக்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்று விளக்கினார். ரிக்கார்டைக் காசு கொடுத்துத்தானே வாங்கினோம் என்று ஓட்டல்காரர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். என் புனைபெயர் தன்னுடையது, பாட்டும் தன்னுடையது என்று ஒருவர் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயரையும் சொன்னார். இசையமைப்பாளரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்.

"மேடம், நான்தான் எழுதினேன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். ஆனா சொந்தப் பேர்ல போடணும். மெம்பருங்க பேரையெல்லாம் அச்சடிச்சு வெளியிடுவோம்."

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அடுத்த வாரம் கமிட்டி எலெக்‌ஷன்" என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவாக.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

"நான் எழுதலை சார்" என்றேன்.

வந்தவர் சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நான் சோறு வடிக்கப் போனேன்.

சில மாதங்கள் கழித்து எதிர்வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். என் மகள் வாசலில் நின்று கூடவே பாடினாள். ஒரு பொம்பளை மனசு இந்த ஆளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, யாரம்மா எழுதினது என்று கேட்டாள்.

பாட்டு தன்னுடையது என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தவரின் பெயரைச் சொன்னேன்.