மணவாளன் ஜீப்புக்கு வாய்ப்பூட்டு

ஆரணியில் வண்டிகளுக்கு சீட்டும் டாப்பும் தைக்கிற கடைகள் நாலைந்து உண்டு. அதில் ஒரு பெண் கத்தரி பிடிக்கிற கடை ஒன்றே ஒன்றுதான். கல்லாவில் உட்காருவது அண்ணன் அய்யாக்கண்ணு, வேலை முழுக்கத் தங்கை குணசுந்தரி. நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் தறியில் உட்காராமல் ரெக்சினைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று ஊர் பேசியது. பேசட்டுமே! பட்டு இழை அறுந்தால் முடிபோட ஊரே இருக்கிறது, பஸ் சீட்டு கிழிந்தால் தைக்க யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பாள். முப்பத்து மூன்று வயதாகியும் கழுத்தில் தாலி ஏறவில்லையே என்று யாராவது துக்கம் விசாரிக்க வந்தால், வந்தவர்தான் துக்கத்தோடு திரும்பிப் போவார். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

அப்பேர்ப்பட்டவள், 1999-ஆம் வருஷம், ஒரு பழைய ஜீப் வாசலில் வந்து நின்றாலே பேச்சு மறந்து நிற்பாள்.

ஜீப் மணவாளனுடையது. பவர்லூம் ஷெட் வைத்திருக்கிறவர். தங்கைகளை ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் நாற்பதைத் தொட்டுவிட்ட நல்ல மனிதர். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டிக்குத் தகரத்தில் கூண்டு கட்டி வைத்திருந்தார். அது தெருமுனையில் திரும்பினால் தூளியில் தூங்குகிற பிள்ளை வீறிட்டு எழும். தறிக்கு சாமான் வாங்க அவர் வேலூர் போகும்போதெல்லாம் அண்ணனும் தங்கையும் ரெக்சின் வாங்கக் கூடவே தொற்றிக்கொள்வார்கள். அய்யாக்கண்ணு ஏறியதும் பின்னால் கால் நீட்டித் தூங்கிவிடுவார். அந்த இரைச்சலில் எப்படித்தான் தூக்கம் வருமோ, அது அவர் வாங்கி வந்த வரம்.

பாதி வழியில் மணவாளனின் காது மடல் சிவக்கும். அவளைப் பார்த்து ஏதோ சொல்வார். ஜீப் அதை விழுங்கிவிடும். இன்னாங்க என்று இவள் கத்துவாள். அவர் மறுபடி சொல்வார், ஜீப் மறுபடி விழுங்கும். கடைசியில் கையை ஆட்டிச் சிரித்துவிட்டு ரோட்டைப் பார்ப்பார். கேட்க வந்தது ரெக்சின் விலையா, தன்னையா? போகும்போதும் வரும்போதும் அவள் மனசு கிடந்து அல்லாடும். இதற்கு நடுவில் அவருடைய தங்கைகள், தை பிறந்ததும் வந்தவாசியில் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மார்கழியோ பாதி ஓடிவிட்டது.

ஒருநாள் மணவாளனே கடைக்கு வந்தார்.

“வண்டி சத்தம் ஒரே பேஜாரா கீதுங்க. உள்ள ஒக்காந்துகினு ஒரு வார்த்த பேச முடியல. எதனா பண்ணுங்க.”

அவ்வளவுதான், குணசுந்தரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வார்த்தையாமே! கைக்கு வந்த வேலையெல்லாம் மூலைக்குப் போனது. முதலில், கடையில் இருந்த ஸ்பான்ஜ் அத்தனையையும் அள்ளி உள்ளே அடைத்தாள். ஜீப் மெத்தைக்கடை மாதிரி ஆனதே தவிர, சத்தம் இம்மிகூடக் குறையவில்லை. நீயா நானா பார்க்கலாம் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடுகிற வண்டிக்குள் மண்டியிட்டுத் தரைத்தகட்டில் காதை வைத்தாள். திருடன் அகப்பட்டான். தகடு மொத்தமும் மேளமாக அதிர்ந்துகொண்டிருந்தது. கியர் தண்டு வருகிற ஓட்டை வழியாக இன்ஜினே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

ஸ்பான்ஜை எல்லாம் பிடுங்கி எறிந்தாள். தகட்டோடு தகடாகக் கனமான தார் ஷீட்டை ஒட்டினாள். அதன் மேல் கம்பளி, அதன் மேல் பழைய பஸ்ஸில் கழற்றிய ரப்பர் பாய். கியர் தண்டுக்கு இறுக்கமாக ஒரு தோல் பை தைத்து மாட்டினாள். கதவு விளிம்பெல்லாம் இடுக்கை அடைக்க ரப்பர் பீடிங். ஒட்டுகிற சொல்யூஷன் வாடையில் தலை கிறுகிறுத்தது. அது சொல்யூஷனால்தானா என்பது அவளுக்கே சந்தேகம். வெட்கங்கெட்டவள், பாடிக்கொண்டே ஒட்டினாள்.

வெள்ளோட்டத்துக்குப் போளூர் வரை போனார்கள். அட, என்ன அமைதி! கூண்டு முனகவில்லை, கதவு கடகடக்கவில்லை. பின்னால் அண்ணனின் குறட்டை சுத்தமாகக் கேட்டது. போளூரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வெயில் ஏறியிருந்ததால் இரண்டு பக்கமும் கண்ணாடியைத் திறந்து வைத்தார்கள். பக்கத்தில் ஒரு டவுன் பஸ், அந்தப் பக்கம் கரும்பு லாரி, நடுவில் ஒரு வேர்க்கடலைக்காரர். மணவாளனின் காது மடல் சிவந்தது.

இருபது வருஷம் பவர்லூம்களுக்கு நடுவில் நின்ற மனிதர். ஷெட்டில் ஒரு டீ கேட்பதென்றாலும் அடிவயிற்றிலிருந்து கத்தித்தான் கேட்டாக வேண்டும். அதே குரலில் கேட்டார்:

“என்னக் கட்டிக்க உங்களுக்கு இஷ்டமாங்க?”

பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. வேர்க்கடலைக்காரர் பொட்டலத்தை மடிப்பதை நிறுத்தினார். பின்சீட்டில் குறட்டை நின்றது.

குணசுந்தரிக்குப் பிறந்ததிலிருந்து வராத வெட்கம் மொத்தமும் அந்த நிமிஷத்தில் வந்து தொலைந்தது. தலையைக் குனிந்துகொண்டு, இஷ்டந்தாங்க என்றாள். ஆங் என்று அவர் காதைச் சாய்த்தார். இன்னொரு தடவை சொன்னாள், கொஞ்சம் உரக்கவே சொன்னாள். அவர் பார்த்தது குனிந்த தலையை மட்டும்தான். முகம் வாடிவிட்டது.

“பரவால்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க” என்று, அதையும் ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஜீப் ஒரு பாவமும் அறியாது. இரைச்சல் குடியிருந்தது இவர் காதுக்குள்ளே. அதற்கு எந்தத் தார் ஷீட்டை ஒட்டுவது? ரயில் போய்விட்டது. கேட் தூக்கினார்கள், பின்னால் ஹாரன் அலறியது, மணவாளன் கியரில் கை வைத்தார். இனி வண்டி நகர்ந்தால் நேரே வந்தவாசியில்தான் போய் நிற்கும். இந்த மனிதரோடு வாழ்ந்தால் ஆயுசு முழுக்கத் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபோதே அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கியர் மேல் இருந்த அவர் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

“எனக்கு இஷ்டந்தாங்க!”

பஸ்ஸில் விசில் பறந்தது. மணவாளனின் முகம் மெல்ல மலர்ந்து, சிரிப்பு காது வரை போனது. பின்சீட்டிலிருந்து அய்யாக்கண்ணு, “மாப்ள, கேட் தெறந்துட்டான், ஜல்தியா வண்டிய எடுங்க” என்றார்.

மணவாளன் வண்டியை எடுக்கவில்லை. குணசுந்தரி பக்கம் குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, போளூர் மொத்தத்துக்கும் கேட்கிற குரலில் கேட்டார்:

“அதுக்கு ஏங்க இப்டி கத்தறீங்க? வண்டிலதான் இப்ப சத்தமே இல்லியே.”