சக்கரத்துக்கு அடியில் பருத்திமாறு

"வெயில்ல உனக்கு மண்டை காஞ்சி போச்சிட்டி" என்றான் என் அண்ணன், நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள். எட்டாவதோடு நின்று, கோவில்பட்டியில் மெத்தைக் கடை வைத்திருப்பவன். வெயிலைப் பற்றி எனக்குச் சொல்கிறான். புதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்த வெயிலிலேயே நடந்து பள்ளிக்கூடம் போனவள் நான். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி என்னைப் படிக்க வைத்தாள். பேய், முனி எதையும் நான் நம்பியதில்லை. கோயில் கொடையில் சாமியாடுகிற சித்தப்பாவிடமே சண்டை போட்டிருக்கிறேன். இப்போதும் நம்பவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

போன வருஷம் சென்னை அலுவலகத் தோழிகள் கார்த்திகா, நிவேதா, நான், மூன்று பேரும் கென்யாவுக்குச் சுற்றுலா போனோம். விலங்குகளைப் பார்த்து முடித்து, ஒரு முகாமிலிருந்து சின்ன விமான நிலையத்துக்குப் போக வேண்டிய நாள். ஓட்டுநர் எலியாஸ், ஐம்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. முந்தின நாள் மழை. சாலை சுற்றிப் போகிறது, நேரே புல்வெளியைக் கடந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். கார்த்திகா குறுக்கே போகச் சொன்னாள். எலியாஸ் மாட்டேன் என்றார். மறுபடி சொன்னாள், மறுபடி மாட்டேன் என்றார்.

அந்த மண்ணைப் பார்த்தீர்களானால் நம் ஊர் என்றே சொல்வீர்கள். அதே கரிசல், அதே வெடிப்பு. நான் இறங்கி, சாலையோரத்தில் குதிகாலால் ஒரு குத்து குத்திப் பார்த்தேன், காய்ந்திருந்தது. "நான் இந்த மண்ணில் பிறந்தவள், தாராளமாகப் போகலாம்" என்று எலியாஸிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெருமைக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். மழை பெய்த கரிசல் மேலே காய்ந்து பொருக்கு விட்டிருந்தாலும் உள்ளே களியாக இருக்கும், நடுப்புஞ்சையில் கைவிட்டுப் பதம் பார்க்க வேண்டும் என்பது ஆடு மேய்க்கிற எங்கள் அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஓரத்தில் பார்த்துவிட்டு உத்தரவு கொடுத்தேன். எலியாஸ் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பத்தே நிமிடம். வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. கார்த்திகா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்தபடியே கத்தினாள்: "இந்த ஆளுக்கு ஓட்டவே தெரியல, யாரு இவனுக்கு லைசென்ஸ் குடுத்தது?" நான் சொல்லித்தான் வந்தார் என்று நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இறங்கி, எலியாஸோடு சேர்ந்து சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை அள்ளினேன். உச்சி வெயில். கண்ணுக்கெட்டியவரை மரமில்லை, ஆளில்லை. அள்ள அள்ளச் சேறு செருப்பில் அப்பிக் கால் கல்லாகக் கனத்தது.

நிமிர்ந்தபோது ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். எந்தப் பக்கமிருந்து என்று கேட்காதீர்கள், தெரியாது. அந்த ஊர்க்காரிதான், கறுத்து உயரமானவள், தோளில் முடிந்த சிவப்புத் துணி. தலையில் பருத்திமாறுக் கட்டு. பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கிக் காயப்போட்டு அடுப்பெரிப்போமே, அந்தச் செடி. புல்லைத் தவிர ஒன்றும் முளைக்காத வெளியில். கட்டைப் பொத்தென்று போட்டாள். அடுத்து அவள் பேசியது, என் மேல் சத்தியமாக, எங்கள் ஊர்த் தமிழ்.

"ஏட்டி, மாறு போடாம வண்டி ஏறுமா? யாரு பெத்த பிள்ளட்டி நீ?"

பயம் வர வேண்டும் இல்லையா? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், விடுதியில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், என்னை எந்தத் தெருவில் நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள.

"எம் பேரக் கேளுங்க, சொல்லுதேன்" என்றேன்.

"பேரச் சொன்னா மண்ணு வழி விட்டுருமோ? குனிஞ்சி போடுட்டி."

குனிந்து போட்டேன். எலியாஸும் போட்டார். நான்கு சக்கரத்துக்கும் திணித்தோம், அவர் ஏறி முடுக்கினார், மாறு நொறுங்குகிற சத்தத்தோடு வண்டி மேலேறியது. திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூடக் கிடையாது. உள்ளே இருந்த இருவரும் யாரையும் பார்க்கவில்லையாம். நானும் எலியாஸும் தனியாகப் பேசிக்கொண்டு ஏதோ சருகைப் பொறுக்கிப் போட்டோமாம்.

விமானம் போய்விட்டிருந்தது. ஊர் திரும்பியதும் கார்த்திகா, ஓட்டுநர் தன் இஷ்டத்துக்குக் குறுக்கு வழியில் இறக்கினார் என்று மூன்று பேர் பெயரிலும் புகார் அனுப்பினாள், என்னிடம் கேட்காமல். ஒரு மாதம் கழித்து எலியாஸிடமிருந்து செய்தி வந்தது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது, நடந்ததை நீங்கள் சொன்னால் போதும் என்று. ஒரு வார்த்தை கோபமாக எழுதவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கார்த்திகாவைப் போனில் கூப்பிட்டேன். "புகாரை நீ வாபஸ் வாங்கு, போகச் சொன்னது நாம."

"நீயே எழுதேன், யாரு வேணாம்னா? ஆனா அந்தப் பொம்பளையை மட்டும் விட்டுரு. உன்னைப் பைத்தியம்னு மொத்தக் கடுதாசியையும் தூக்கிப் போட்டுருவாங்க."

"விட்டா எலியாஸ் பொய்யராயிருவாரு. அவரு அவளையும் சேத்துத்தான் எழுதிக் குடுத்திருக்காரு."

"அப்ப ரெண்டு பேரும் பைத்தியம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் எரிகிறது.

எலியாஸ் எழுதிக் கொடுத்ததன் நகலை எனக்கு அனுப்பியிருந்தார். பெண், காய்ந்த செடிக் கட்டு, சக்கரம், எல்லாம் நான் கண்டபடியே இருந்தது. ஒன்றைத் தவிர. அவள் தன்னோடுதான் பேசினாள், தன் தாயின் மொழியில், தன் தாயின் கிராமத்துப் பேச்சில் திட்டினாள் என்று எழுதியிருந்தார். அங்கே நான் வாய் திறந்ததாகவே அவர் எழுதவில்லை. அந்த வரியை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அவள் முன் நின்று நான் பதில் சொன்னேனா இல்லையா என்று எனக்கே இப்போது உறுதியில்லை.

ஆனால் குறுக்கே போகச் சொன்னது நான் என்பதில் சந்தேகமில்லை. அதை முதல் வரியாகவும், அந்தப் பெண்ணைக் கடைசிப் பத்தியாகவும் எழுதிக் கையெழுத்திட்டு, இன்று காலை அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். கார்த்திகாவுக்கும் ஒரு நகல் போயிருக்கிறது.