மாத்திரை விழுங்கி வந்த காய்ச்சல்

செங்கல்பட்டில் லதா டாக்டரின் பல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு விஜயகுமாரியைத் தெரியாமல் இருக்காது. வாசலில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டிக்கொண்டு நிற்பாளே, அவள்தான். சுங்கச்சாவடியில்கூட டிமிக்கி கொடுத்துவிடலாம், அவளிடம் நடக்காது. இருமினால் திரும்பிப் போக வேண்டும். காய்ச்சல் என்றால் அடுத்த வாரம்தான். தூசி வருகிறது என்று யார் முனகினாலும் ஜன்னலை மூடமாட்டாள்.

இதெல்லாம் வேலைமேல் உள்ள பக்தி என்று நினைத்தால், அதுதான் இல்லை. எல்லாம் கேசவனுக்காக. திருக்கழுக்குன்றத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனுக்கு, அவன் அக்கா சம்பூர்ணம் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவன் தின்னும் மாத்திரை, நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. மற்றவர்களுக்கு மூன்று நாளில் போகிற காய்ச்சல் அவன் உயிருக்கே உலை வைத்துவிடும். இவளோ நாள் முழுக்க அடுத்தவர் வாயருகே எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். பல்லைக் குடையும்போது பறக்கிற சாரலில் என்னென்ன வரும் என்று அவளுக்கா தெரியாது?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை ரவிச்சந்திரன் என்கிற ஐ.டி. கம்பெனிக்காரர் வந்தார். நெற்றியில் சூடு இல்லை. மரத்துப்போக ஊசி போட்டாயிற்று, வாயையும் திறந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து விஜயகுமாரியின் என்95 மாஸ்க்கின் பட்டை அறுந்தது.

"அஞ்சு நிமிஷ வேலைதானே விஜயா. என்னை மாதிரி சாதா மாஸ்க்கையே மாட்டிக்கிட்டு வாங்க," என்றார் டாக்டர். கண்ணாடியில் ஆவி படிகிறது என்று அவர் என்95 போடுவதில்லை.

"அஞ்சு நிமிசமோ அரை நிமிசமோ மேடம், வேற எடுத்துகினு வந்துடறேன்."

புதுப் பெட்டியைப் பிரித்து, கை கழுவி, மூக்குக் கம்பியை அழுத்தி, ஊதிப் பார்த்து, ஓரத்தில் காற்று கசியவில்லை என்று தெரிந்த பிறகுதான் வந்தாள். வாயைப் பிளந்தபடி கிடந்த ரவிச்சந்திரன் கண்ணாலேயே திட்டினார். டாக்டருக்கும் முகம் கடுகடுத்தது. கடுகடுக்கட்டுமே!

அன்று சாயந்திரமே ரவிச்சந்திரனிடமிருந்து போன். பரிசோதனையில் ஃப்ளூ என்று தெரிந்துவிட்டதாம். "காலைலயே காய்ச்சல் இருந்தது. மறுபடி லீவு கிடைக்காதேன்னு மாத்திரை போட்டுட்டு வந்துட்டேன். மன்னிச்சிடுங்க," என்றார். படித்த மனுஷன் செய்கிற காரியமா இது?

அன்று வீட்டுக்குள் விஜயகுமாரி காலே வைக்கவில்லை. நேராக மாடியில் தகர ஷீட் போட்ட அறைக்குப் போய்ப் பாயை விரித்துக்கொண்டாள். கேசவன் படியில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போய்க் குரல் கொடுப்பான்.

"இன்னாம்மே, ஒடம்பு சுடுதா?"

"இல்லய்யா. நீ கிட்ட வராத, போ."

மூன்றாம் நாள் டாக்டருக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தும்மினால் பயம், தொண்டை கரகரத்தால் பயம். மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரை வைத்து வைத்துப் பார்த்தாள்.

ஆறாம் நாள் காலையில் டாக்டரே கம்மிய குரலில் கூப்பிட்டார். "இன்னைக்கும் ஒண்ணும் இல்லையே? அப்போ தப்பிச்சிட்டீங்க விஜயா, கீழே போங்க. எனக்கும் ஒரு பெட்டி என்95 எடுத்து வைங்க. கண்ணாடியில ஆவி படிஞ்சா படியட்டும்."

அப்பாடா! ஆறு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிற்று. படியிறங்கி வந்தாள். கேசவன் இரண்டு தட்டில் இட்லி வைத்துக்கொண்டு காத்திருந்தான். மாஸ்க் கம்பி பதிந்து பதிந்து அவள் மூக்கின்மேல் விழுந்த கறுப்புத் தழும்பை எப்போதும் கிண்டல் செய்கிறவன், அன்று அதை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது போவவே போவாதாம்மே?"

"இருந்துட்டுப் போவட்டும்யா. நீ நல்லா கீறே இல்ல, அது போதும்," என்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே ஆறு இட்லி தின்றாள்.