டிக்கெட் வாங்காத சாட்சி

கல்கத்தாவில் நான் ஆசிரியையாக இருந்த காலம். ஒருநாள் காலை சியால்தா ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் பரிசோதகர் என்னை நிறுத்தினார். கைப்பையைக் கவிழ்த்துத் தேடியும் டிக்கெட்டைக் காணோம். "படிச்சவங்களே இப்படியா?" என்று அவர் சத்தம்போட, கூட்டம் கூடிவிட்டது. எனக்கு அழுகை முட்டியது.

தினமும் அதே ரயிலில் வரும், என்னை 'தீதி' (அக்கா) என்று கூப்பிடும் மீன்காரி கூடையோடு முன்னால் வந்தாள். "தீதி தினமும் டிக்கெட் வாங்குறவங்க. பத்து வருஷமா வாங்காம வர்றவ நான், எனக்குத் தெரியாதா?" என்று பெங்காலியில் முழங்கினாள்.

பரிசோதகர் என்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் என் கடிகாரப் பட்டைக்குள்ளிருந்து டிக்கெட் எட்டிப் பார்த்தது. நழுவிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது நிஜம். வெட்கப்பட்டு, டிக்கெட்டைக் காட்டிவிட்டு அவளுடைய அபராதத்தை நானே கட்டினேன்.

"கையிலேயே வச்சுக்கிட்டு என்னைப் பேச வச்சீங்களா?" என்று வெளியே வந்ததும் திட்டினாள்.

தன் குட்டு உடைவதைக்கூடப் பார்க்காமல் எனக்காகப் பேசியவள் இன்றுவரை அவள் ஒருத்திதான்.