எரிகோ மதிலைப் பற்றிக் கலைவாணி கேட்டது

என் தோழியை நான் ஊரார் முன்னால் கைவிட்டேன். அவள் கேட்ட கேள்வி எனக்கும் தெரிந்த கேள்விதான். சொல்லப்போனால், அதை அவளுக்குக் கொடுத்தவளே நான். ஆனாலும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கூசாமல் பொய் சொன்னேன். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

அவள் பெயர் கலைவாணி. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. வியாசர்பாடிக்காரி, பௌத்தக் குடும்பம். நானோ ராயபுரத்தில், காய்ச்சல் வந்தாலும் ஞாயிறு ஆராதனையை விடாத வீட்டுப் பெண். எங்களைச் சேர்த்து வைத்தது மதிய உணவு வேளையும் என் கைப்பேசியும்தான்.

வேதாகமத்தில் வரும் ஊர்களில் தோண்டி எடுத்தவற்றைப் பற்றிய காணொளிகள் என்றால் எனக்குப் பைத்தியம். வெளியே எண்ணூர் போகும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே நாங்கள் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எருசலேமில் இருப்போம். அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பின் வாசனையோடுதான் எனக்கு இன்றும் எருசலேம் ஞாபகம் வருகிறது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

ஒருநாள் எசேக்கியா ராஜாவின் சுரங்கக் கால்வாயைப் பார்த்தோம். இரு முனைகளிலிருந்தும் பாறையைக் குடைந்துகொண்டு வந்தவர்கள், நடுவில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்ததாக அங்கேயே கல்லில் எழுதியிருந்தார்களாம். பார், வேதாகமத்தில் ராஜாக்களின் புத்தகத்தில் இருக்கிற கால்வாய் நிஜமாகவே இருக்கிறது என்று நான் பெருமையடித்துக் கொண்டேன். கலைவாணி பார்த்தது வேறு.

"இன்னாக்கா இது, ராஜா பேரையே காணோம். கல்லு ஒடச்சவங்க கதைதான் கீது" என்றாள். அவள் அப்பா பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டியவர். அன்று மாலையே என்னிடம் ஒரு பைபிள் கேட்டாள்.

சில மாதங்களில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வரத் தொடங்கினாள். ஞானஸ்நானம் எடுக்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறேன் என்றாள்.

எரிகோவைப் பற்றிய காணொளியை அனுப்பியதும் நான்தான். யோசுவாவின் ஜனங்கள் எக்காளம் ஊதி ஆர்ப்பரித்ததும் அந்த ஊரின் மதில் இடிந்து விழுந்தது என்கிறது வேதாகமம். யோசுவாவின் காலம் என்று சொல்லப்படும் சமயத்தில் அங்கே அப்படியொரு மதில் நின்றதற்குத் தடயமே இல்லை என்கிறார்கள் தோண்டிய சிலர். அந்தக் கணக்கே தப்பு என்கிறார்கள் வேறு சிலர். அதைப் பற்றி மேசையில் உட்கார்ந்து நானும் அவளும் சண்டைபோட்டுச் சிரித்திருக்கிறோம். எனக்கு அதில் பயமே இருந்ததில்லை... மேசையில் இருந்தவரைக்கும்!

அந்த வெள்ளிக்கிழமை பாஸ்டர் எடுத்த பகுதி எரிகோ. முடித்ததும், யாருக்காவது சந்தேகம் உண்டா என்றார். வழக்கமாகக் கேட்பதுதான், யாரும் வாய் திறப்பதில்லை. கலைவாணி அதை நிஜமென்று நம்பிக் கேட்டுவிட்டாள்.

"தோண்டிப் பாத்தவங்கள்ல பாதிப் பேரு அங்க செவுரே இல்லன்றாங்களே பாஸ்டர், அத்த எப்டி எடுத்துக்கறது?"

என் மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாஸ்டர் கோபப்படவில்லை, அவர் நல்லவர்தான். "ஸ்டெல்லா, உங்ககூட வேலை செய்றவங்கதானே? நீங்களும் இதெல்லாம் பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

ஞாயிறு பள்ளிக்கு என்னைத் தலைமை ஆசிரியையாக அறிவிக்கப் போகிற வாரம் அது. அந்தப் பொறுப்புக்காக எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன்...

"இல்ல பாஸ்டர். எனக்கு ஒண்ணும் தெரியாது. அது ஏதோ போன்ல பாத்துட்டு வந்து கேக்குது."

அது! இரண்டு வருடம் என் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டவளை அப்படிச் சொன்னேன்.

அவள் கைப்பேசி மடியில்தான் இருந்தது. நான் அனுப்பிய காணொளி என் பெயரோடு அதில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம் அல்லவா? காட்டவில்லை. "ஆமா பாஸ்டர், நாந்தான் இன்னாத்தையோ பாத்துட்டு வந்துட்டேன்" என்று சொல்லிக் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தன் ஆண்டவரையே தெரியாது என்று மூன்று முறை சொன்ன பேதுருவின் நினைவு உங்களுக்கு வரலாம். தயவுசெய்து என்னை அவரோடு சேர்க்காதீர்கள். அவர் வெளியே போய் அழுதார். நான் சமையலறைக்குப் போய்க் கேசரி எடுத்துவந்தேன். கலைவாணியின் தட்டில் முந்திரி கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். அவள் முழுவதையும் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை அவள் சண்டை போடவில்லை. "இனிமே எனக்கு வீடியோ அனுப்பாதக்கா" என்றாள், அவ்வளவுதான். ஜெபக் கூட்டத்துக்கு மறுபடி வரவில்லை. ஞானஸ்நானப் பேச்சும் அதோடு நின்றது. கொஞ்ச நாளில் எண்ணூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் தலைமை ஆசிரியை ஆனேன்.

இப்போது எங்களுக்குப் புதிய பாஸ்டர், இளைஞர். கேள்வி கேளுங்கள் என்று மெய்யாகவே சொல்கிறவர். போன மாதம் பெரியவர்களுக்கான வகுப்பில், எரிகோவைத் தோண்டியவர்களின் கருத்து வேறுபாட்டை நானே விளக்கினேன். இரு தரப்பும் சொல்வதை நிதானமாக எடுத்து வைத்தேன். கேள்விக்குப் பயப்படுகிற விசுவாசம் எதற்கு என்றுகூடச் சொன்னேன்.

பாஸ்டர் எழுந்து கைதட்டினார். "சபையில இத கேக்க ஒரு தைரியம் வேணும், சிஸ்டர். இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெயரைச் சொல்ல ஒரு வினாடி போதும்...

"நானா யோசிச்சதுதான் பாஸ்டர்" என்றேன்.