அடிக்கலாம், அழிக்கக்கூடாது

என் சித்தி ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்துபோனாள். அது ஏறியதற்காக இல்லை, இறங்கியதற்காக!

சித்தி என் அம்மாவின் தங்கை. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் ஆலையில் வேலை பார்க்கிறாள். உருக்குவது, வார்ப்பது எதுவும் அவள் வேலை இல்லை. அவள் எழுதுகிறவள். ஈயத் தூசி மூச்சோடு உள்ளே போய், இரத்தத்தில் கலந்து, எலும்பில் குடியேறிவிடும். அதனால் ஆலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை உண்டு. அவர் எந்தப் பகுதியில் நிற்கிறார், அங்கே காற்றில் தூசி எவ்வளவு, முகமூடியை எப்போது மாற்றினார், இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். ஆள் வேலையை விட்டுப் போனாலும் அட்டை போகாது. இன்றைக்குப் புகுந்த ஈயம் எத்தனையோ வருஷம் கழித்துக்கூடத் தன் வேலையைக் காட்டலாமே!

இரத்தக் கணக்கு வைத்திருப்பதால் ஆலையில் அவளுக்குப் பெயர் அட்டையக்கா. எந்த அட்டை என்று கேட்டால், "ரெண்டும்தான், ரத்தத்தைக் கேட்காம விடமாட்டாங்க" என்பார்கள். சித்தி கோபித்துக்கொள்வதில்லை.

அவளுக்கு ஒரு விதி உயிர். அட்டையில் தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசக் கூடாது, கிழிக்கக் கூடாது. பழையது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, ஏன் மாறியது என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "அடிக்கலாம், அழிக்கக்கூடாது" என்று வீட்டில் மளிகைச் சீட்டுக்குக்கூடச் சொல்வாள்.

"இந்த ரூலு காகிதத்துக்கு மட்டும்தானே? எனக்கு இல்லையே?" என்பார் சித்தப்பா.

சித்தப்பாவும் அதே ஆலைதான். கொதிக்கிற ஈயத்தின் மேல் படியும் கசடை நீளக் கரண்டியால் வழித்தெடுப்பவர். எதற்கும் அசராத மனிதர். ஆனால் கொஞ்ச நாளாக அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். கையிலிருந்த டம்ளர் தானாக நழுவியது. அவருடைய இரத்தத்தில் ஈயத்தின் எண்ணும் சோதனைக்குச் சோதனை ஏறி நாற்பத்தாறில் நின்றது.

அப்போதுதான் புது முடிவு வந்தது. ஏழு!

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? சோப்பு போட்டுக் கை கழுவினேன்ல!" என்று வீடெல்லாம் நடந்தார். நானும் கைதட்டினேன். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

"இது கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். நீங்க மொட்டை மாடியிலேருந்து குதிச்சிருக்கீங்களே" என்றாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. எண் இவ்வளவு குறைந்தால், ஆலை விதிப்படி அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்துத்தான். அந்த ஏழு பொய் என்றால், அவ்வளவு காலமும் அவர் உலைப் பக்கத்திலேயே நிற்பார். உள்ளே ஏறுவதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

சித்தி துப்பறியக் கிளம்பினாள். தான் எழுதியது தப்போ என்று ஆய்வகத்தின் தாளோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. ஆய்வகத்துக்குப் போன் போட்டு அதே குழாயை மறுபடி பார்க்கச் சொன்னாள். மறுபடியும் ஏழு. அப்படியானால் இரத்தத்தில் தப்பில்லை. ஆளில்தான் தப்பு!

அதே நாளில் சோதனைக்கு ஊசி குத்திக்கொண்டவர்களின் அட்டைகளை எல்லாம் பரப்பினாள். ஏழு என்று இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் தூசியே இல்லாத தனிக் கட்டடத்தில், கழுவிய பிளாஸ்டிக்கை மூட்டை கட்டுபவர். சித்தப்பாவின் உயிர்த் தோழர். ஒல்லியாக, உயரமாக இருப்பதால் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள்.

சித்தி அவரைத் தன் அறை ஜன்னலுக்கு வரச் சொன்னாள்.

"அன்னிக்கு ஊசி குத்தின கையைக் காட்டுங்க."

"எந்தக் கைக்கா?"

"ஒரு ஆளுக்கு ஒரு கையிலதானே குத்துவாங்க?"

ஒட்டடைக்குச்சிக்கு வேர்த்துவிட்டது. "அக்கா, இடது கை என்னோடதுக்கா. வலது கை… அண்ணனோடது."

விஷயம் இதுதான். அங்கே ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் அவருடைய வேலை முறைக்கு நிற்பது வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. அதே வழக்கத்தில், ஊசிக்கும் ஆள் மாறிவிட்டார்கள்! இரத்தம் எடுக்கும் நர்ஸ் வெளியிலிருந்து வருபவர். தொப்பியும் முகமூடியும் போட்டவர்களில் யார் எவர் என்று அவருக்குத் தெரியாது. சட்டையில் குத்தியிருக்கும் பித்தளை வில்லையின் எண்ணைத்தான் பார்ப்பார். ஒட்டடைக்குச்சி சித்தப்பாவின் வில்லையைக் குத்திக்கொண்டு இரண்டாவது முறையும் வரிசையில் நின்றிருக்கிறார்.

அன்று வீட்டில் நடந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

"கொதிக்கிற ஈயத்துக்குப் பக்கத்துல நிக்கிறீங்க. ஊசிக்குப் பயமா?"

"ஈயம் வெளிய நிக்குதுடி. ஊசி உள்ள போகுதுல்ல?"

"ஈயம் வெளியவா நிக்குது?"

சித்தப்பா, "சரி, நாளைக்கே குத்திக்கிறேன். அந்த அட்டையைக் கிழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு எழுதிடு. ஊரே சிரிக்கும், என் மானம் போயிடும்" என்று கெஞ்சினார்.

"கிழிக்க மாட்டேன். வீட்டுக்காரருக்காக இன்னிக்கு நான் கிழிச்சா, வேண்டாத ஆளோடதை நாளைக்கு எவனாவது கிழிப்பான். அப்புறம் அலமாரியில இருக்கற அட்டைங்களை யாரு நம்புவா?"

மறுநாள் அவர் எதிரிலேயே ஏழின் மேல் ஒற்றைக் கோடு இழுத்தாள். 'வில்லைக்கு உரியவர் வரவில்லை. இது வேறொருவர் இரத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலாளரிடம் தானே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இருவரையும் கூப்பிட்டுக் கத்து கத்தென்று கத்தினார். பிறகு நர்ஸை வரவழைத்தார்.

அந்த ஊசியை நான் பார்க்கவில்லை. சித்தி சொல்லித்தான் தெரியும். நர்ஸ் பஞ்சால் துடைக்கும்போதே சித்தப்பா, "முடிஞ்சுதாம்மா?" என்றாராம்.

முடிவு வந்தது. அறுபத்து மூன்று!

சித்தி அட்டையில் எழுதிவிட்டுத்தான் அழுதாள். அன்றே சித்தப்பாவை உலையிலிருந்து எடுத்துக் கருவிகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். எண் இறங்கும்வரை அங்கேதான். சம்பளம் குறையாது, அதுவும் விதி. டாக்டர், "இன்னும் ஆறு மாசம் அங்க நின்னிருந்தா என்கிட்ட நடந்து வந்திருக்க மாட்டீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஆலை சிரிக்கத்தான் செய்தது. "ஈயத்தைப் பார்த்து இளிச்சுதாம் பித்தளைன்னு சும்மாவா சொன்னாங்க! வில்லையே போய் ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கே!" என்று உலைக்காரர்கள் அவரை ஓட்டினார்கள். ஒட்டடைக்குச்சியோ, "கையை மாத்திக் குடுத்தேனே, கைமாறு ஒண்ணும் கிடையாதா?" என்று விடாமல் கேட்டார்.

ஆனால் சிரித்தவர்களே ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள். "அட்டையக்கா, என்னோடது எவ்வளவு?" இதற்குமுன் ஒருவரும் கேட்டதே இல்லை! கேட்டவருக்கு அவருடைய அட்டையை மட்டும் எடுத்து, திருப்பி வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள் சித்தி. பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தாள். முகம் மட்டும் பளபளவென்று இருந்தது.

அடுத்த மாத ஊசிக்குச் சித்தப்பாவே முதலில் போய்க் கையை நீட்டினார். முடிவு வந்த அன்று அவருடைய வேலை முறை முடிவதற்குள் சித்தி அவர் அறைக்கே ஓடிவிட்டாள்.

"இறங்கிடுச்சுங்க! அம்பத்தொண்ணு!"

சித்தப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"வாயால சொல்லாதே. அட்டையைக் காட்டு."